பட்டியல் வெளியான பிறகு கைவைத்தால்: அமெரிக்கப் பதவி உயர்வு வழக்குகள்

கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா கவுண்டியின் போக்குவரத்துத் துறையில் 1979 டிசம்பரில் ரோடு டிஸ்பாட்சர் பதவி ஒன்று காலியாக இருந்தது. சாலைப் பராமரிப்புக்கு எந்தக் குழு, எந்த வண்டி, என்ன பொருள் எங்கே போக வேண்டும் என்று பிரித்துவிடும் வேலை. 12 பேர் விண்ணப்பித்தார்கள். நேர்முகத்தில் 70க்கு மேல் எடுத்த ஏழு பேரில் யாரை வேண்டுமானாலும் இயக்குநர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே விதி. பால் ஜான்சனுக்கு 75. டயான் ஜாய்ஸுக்கு 73. இரண்டாவது நேர்முகம் நடத்திய மேற்பார்வையாளர்கள் மூவரும் ஜான்சனைப் பரிந்துரைத்தார்கள். பெண்களுக்கு வாய்ப்பைக் கூட்டும் துறைத் திட்டத்தின்படி வேலை ஜாய்ஸுக்குப் போனது. ஜான்சன் வழக்குப் போட்டார். 1987 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்த நியமனம் செல்லும் என்றது.

2003 கடைசியில் கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரம் தன் தீயணைப்புத் துறையில் லெப்டினன்ட், கேப்டன் பதவிகளுக்குத் தேர்வு வைத்தது. காலியாக இருந்த இடங்களுக்குக் கறுப்பினத்தவர் ஒருவரைக்கூடப் பரிசீலிக்க முடியாது என்று மதிப்பெண் வந்ததும் தெரிந்தது. நகரம் தேர்வு முடிவையே கைவிட்டது. 2009 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம், 5-4ல், அது சட்டவிரோதம் என்றது.

நீதிபதிகள் மாறினார்கள், அதனால் தீர்ப்பும் மாறியது என்று இந்த இரண்டையும் விளக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேலை செய்பவருக்கும் வேலை கொடுப்பவருக்கும் அதைவிடப் பயன்படும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. சான்டா கிளாரா தன் திட்டத்தை 1978 டிசம்பரில், அந்தப் பதவிக்கு அறிவிப்பு வருவதற்கு ஒரு வருடம் முன்பே, எழுதி வைத்திருந்தது. நியூ ஹேவன் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கைவைத்தது. பெயர் தெரியாத நிலையில் வகுத்த விதி ஒன்று, பெயர் தெரிந்த பிறகு எடுத்த முடிவு இன்னொன்று. தலைகீழ் பாகுபாடு, அதாவது பெரும்பான்மைப் பிரிவினருக்கு எதிரான பாகுபாடு, என்று பேசப்படும் பதவி உயர்வு வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கோட்டில்தான் சிக்குகின்றன என்பது என் கணிப்பு.

சட்டத்தின் வாசகம் சின்னதுதான். 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு, இனம், நிறம், மதம், பால், தேசிய மூலம் காரணமாக ‘எந்த ஒரு தனிநபரையும்’ வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். சிறுபான்மையினரை என்று அதில் இல்லை. 1976லேயே மெக்டொனால்ட் வழக்கில் இது தீர்ந்துவிட்டது. ஒரு லாரி நிறுவனத்தில் சரக்கில் இருந்த ஆன்டிஃபிரீஸ் டப்பாக்களைத் திருடியதாக மூன்று பேர் மீது குற்றச்சாட்டு; வெள்ளையர் இருவரை வேலையை விட்டு அனுப்பி, கறுப்பினத்தவரை வைத்துக்கொண்டார்கள். வெள்ளையருக்கும் இதே சட்டம், இதே அளவுகோல் என்று எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். அவர் கறுப்பினத்தவரின் உரிமைக்காக நெடுங்காலம் வாதாடியவர் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

அப்படியென்றால் ஜாய்ஸுக்கு அந்த வேலையைக் கொடுத்தது எப்படிச் செல்லும்? அதற்கு வழி திறந்தது 1979ன் வெபர் தீர்ப்பு.

லூசியானாவின் கிராமர்சியில் கைசர் அலுமினியத்தின் ஆலை. கைவினைப் பணிகளில், அதாவது ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் போன்ற திறன் வேலைகளில், 273 பேரில் ஐந்து பேர்தான் கறுப்பினத்தவர், 1.83 சதவீதம். சுற்றுவட்டார உழைப்பாளர்களில் அவர்கள் சுமார் 39 சதவீதம். காரணம் வெளிப்படை: முன் அனுபவம் உள்ளவரைத்தான் எடுப்போம் என்றது நிறுவனம், அந்த அனுபவத்தைத் தரும் தொழிற்சங்கங்களோ கறுப்பினத்தவரைச் சேர்ப்பதே இல்லை. 1974ல் நிறுவனமும் தொழிற்சங்கமும் ஒப்பந்தம் போட்டு, ஆலைக்குள்ளேயே பயிற்சி தொடங்கி, பாதி இடத்தைக் கறுப்பினத்தவருக்கு வைத்தன. முதல் ஆண்டு 13 பேரில் ஏழு பேர் கறுப்பினத்தவர், ஆறு பேர் வெள்ளையர். பணிமூப்பு அதிகமிருந்தும் இடம் கிடைக்காத வெள்ளைத் தொழிலாளர் ஒருவர் வழக்குப் போட்டுத் தோற்றார். ‘எந்த ஒரு தனிநபரையும்’ என்ற சொற்களை நேரே படித்தால் அவர் ஜெயித்திருக்க வேண்டும் என்று மாற்றுத் தீர்ப்பு கடுமையாகவே சொன்னது. பெரும்பான்மை, சட்டம் எதற்காக வந்தது என்ற நோக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

வெபரும் ஜான்சனும் சேர்ந்து வைத்த சோதனை இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. வழிவழியாகப் பிரித்து வைக்கப்பட்ட வேலைப் பிரிவில் கண்ணுக்குத் தெரியும் ஏற்றத்தாழ்வு இருக்க வேண்டும். மற்றவர்களின் நலனைத் தேவையில்லாமல் மிதிக்கக் கூடாது: யாரையும் வேலையை விட்டு அனுப்பி இடம் காலி செய்யக் கூடாது, கதவை முழுசாகச் சாத்தக் கூடாது. நிலைமை சரியானதும் திட்டம் முடிய வேண்டும். எட்டிய விகிதத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பதற்கு அது கருவி அல்ல. சான்டா கிளாராவில் திறன் பணியிடங்கள் 238. அவற்றில் பெண் ஒருவர்கூட இல்லை. அதற்கென்று திட்டம் பாதி இடம் பெண்களுக்கு என்று சொல்லவில்லை. 1982க்கான இலக்கு என்ன தெரியுமா? எதிர்பார்த்த 55 காலியிடங்களில் மூன்று. உள்ளூரில் அந்தத் திறன் உள்ள பெண்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு வந்த எண் அது. பெண்கள் மக்கள்தொகையில் பாதி, ஆகவே பாதி இடம் என்று எழுதியிருந்தால் அந்தத் திட்டம் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜான்சன் வழக்கில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று: அரசமைப்பின் சம பாதுகாப்புப் பிரிவை அங்கே யாரும் எழுப்பவில்லை. ஏழாம் தலைப்பின் கீழ் மட்டுமே தீர்ப்பு. அரசுத் துறை முதலாளிக்கு இரண்டு சட்டமும் உண்டு. 1989ன் குரோசன், 1995ன் அடராண்ட் தீர்ப்புகளுக்குப் பிறகு, அரசு இனத்தைப் பார்த்து எடுக்கும் எந்த முடிவும் மிகக் கடுமையான ஆய்வைத் தாண்ட வேண்டும். ஆகவே தனியார் நிறுவனம் ஜான்சனைக் காட்டித் தப்பிக்கக்கூடிய இடத்தில் ஒரு நகராட்சி மாட்டிக்கொள்ளலாம்.

நீதிமன்றமே விகிதம் போட்ட காலமும் இருந்தது. அலபாமா மாநிலக் காவல் படையில் 37 ஆண்டுகளில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட டிரூப்பராக இருந்ததில்லை என்று 1972ல் கீழ் நீதிமன்றம் கண்டது. 1978 நவம்பரில்கூட கார்ப்பரலும் அதற்கு மேலும் இருந்த 232 பேரில் ஒருவரும் இல்லை. இழுத்தடிப்பில் பொறுமையிழந்த நீதிமன்றம், தகுதியானவர் இருக்கும்வரை ஒரு வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவர் என்று பதவி உயர்வு கொடுக்கச் சொன்னது. 1987ல் உச்ச நீதிமன்றம் அதை 5-4ல் ஏற்றது. இன்றைக்கு இதை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு எந்த நிறுவனமும் திட்டம் போடக் கூடாது. அது நிரூபிக்கப்பட்ட, பிடிவாதமான குற்றத்துக்கு நீதிமன்றம் கொடுத்த பரிகாரம்.

1991ல் நாடாளுமன்றம் ஒரு கதவை முற்றாக அடைத்தது. அதற்கு முன் வேலைவாய்ப்புச் சேவை அமைப்பு பொதுத் திறன் தேர்வின் மதிப்பெண்ணை இனவாரியாகத் தனித்தனியே தரவரிசைப்படுத்தி அனுப்பி வந்தது. ஒரே மதிப்பெண், இனத்துக்கு இனம் வேறு இடம். 1991 திருத்தம் இதைப் பெயர் சொல்லித் தடுத்தது: இனம், பால் முதலியவற்றைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டுவது, வெட்டு மதிப்பெண்ணை மாற்றுவது, முடிவை வேறுவிதமாகத் திருத்துவது எதுவும் கூடாது. நல்ல நோக்கம் என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. பட்டை முறை வேறு. 88ம் 90ம் அளவைப் பிழைக்குள் ஒன்றுதான் என்று ஒரே பட்டையில் எல்லோரையும் போடுவதை 2001ல் சிகாகோ தீயணைப்பு வழக்கில் ஏழாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த படியில், வட்டாரவாரியாக உள்ளவற்றில் ஒன்று) ஏற்றது. ஆனால் பட்டைக்குள் இருப்பவர்களில் யாரை எடுப்பது என்பதை இனத்தை வைத்துத் தீர்மானிக்க ஆரம்பித்தால் மறுபடி முதல் சிக்கலுக்கே வந்து நிற்போம்.

நியூ ஹேவனுக்குத் திரும்புவோம். ரிச்சி வழக்கு என்று பெயர். இதன் எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம், வாய்மொழிக்கு 40 சதவீதம். இந்த 60-40 தொழிற்சங்க ஒப்பந்தத்திலிருந்து வந்தது. எந்த வேலைப் பகுப்பாய்விலிருந்தும் அல்ல. லெப்டினன்ட் தேர்வு எழுதியவர் 77: வெள்ளையர் 43, கறுப்பினத்தவர் 19, ஹிஸ்பானியர் 15. தேறியவர் 34: முறையே 25, 6, 3. காலியிடம் எட்டு. நகர சாசனத்தில் ‘மூவர் விதி’ உண்டு. ஒவ்வோர் இடத்தையும் பட்டியலின் மேல் மூவரில் ஒருவரைக் கொண்டு நிரப்ப வேண்டும். எட்டு இடத்துக்கு அந்தக் கணக்கில் வரக்கூடியவர் முதல் பத்துப் பேர். பத்தும் வெள்ளையர். கேப்டன் தேர்வில் 41 பேர். வெள்ளையர் 25ல் 16, கறுப்பினத்தவர் எட்டில் மூன்று, ஹிஸ்பானியர் எட்டில் மூன்று தேறினார்கள். ஏழு இடத்துக்கு வரக்கூடியவர் ஒன்பது பேர்: ஏழு வெள்ளையர், இரண்டு ஹிஸ்பானியர்.

மறைமுகப் பாகுபாட்டை, அதாவது நோக்கம் இல்லாவிட்டாலும் ஒரு பிரிவை அதிகம் பாதிக்கும் முறையை, முதல் பார்வைக்குக் கண்டுபிடிக்க 1978ன் வழிகாட்டு நெறிகளில் ஐந்தில் நான்கு என்ற கணக்கு உண்டு. அதிகம் தேறிய பிரிவின் தேர்ச்சி விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இன்னொரு பிரிவு விழுந்தால் எச்சரிக்கை. லெப்டினன்டில் வெள்ளையர் 25/43, அதாவது 58.1, கறுப்பினத்தவர் 6/19, 31.6. ஒன்றை ஒன்றால் வகுத்தால் 54 சதவீதம். ஹிஸ்பானியருக்கு 20ஐ 58.1ஆல் வகுக்க 34. கேப்டனில் 37.5ஐ 64ஆல் வகுக்க 59. எல்லாமே 80க்குக் கீழே. நகரம் பயந்ததில் காரணம் இருந்தது.

ஆனால் சின்ன எண்ணிக்கையில் இந்தக் கணக்கு எப்படி ஆடும் பாருங்கள். கேப்டன் தேர்வில் கறுப்பினத்தவரில் இன்னும் ஒருவர் தேறியிருந்தால் 4/8, விகிதம் 78. இன்னும் இருவர் தேறியிருந்தால் 5/8, விகிதம் 98. இரண்டே பேர், சிவப்பு விளக்கு பச்சையாகிவிடும். பத்துப் பதினைந்து பேர் உள்ள பிரிவில் 80 சதவீதக் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து. ஃபிஷரின் துல்லியச் சோதனை போன்ற புள்ளியியல் சோதனையைக் கூடவே ஓட்ட வேண்டும். பல ஆண்டுத் தேர்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நகரின் குடிமைப் பணி வாரியம் பல அமர்வுகளில் சாட்சிகளைக் கேட்டது. வாக்கு 2-2. சமநிலை என்பதால் பட்டியல் உறுதியாகவில்லை. வழக்குப் போட்டவர்கள் 18 பேர்: 17 வெள்ளையர், ஒரு ஹிஸ்பானியர். வழக்கு வந்துவிடும் என்ற பயம் போதாது என்றது நீதிபதி கென்னடி எழுதிய தீர்ப்பு. பட்டியலை உறுதிப்படுத்தினால் மறைமுகப் பாகுபாட்டு வழக்கில் தோற்போம் என்று நம்ப ‘வலுவான சான்று அடிப்படை’ வேண்டும். அது என்ன? எண்ணிக்கை ஏற்றத்தாழ்வு முதல் படி மட்டுமே. தேர்வு வேலையோடு பொருந்தவில்லை, தொழில் தேவைக்கு அவசியமில்லை, அல்லது அதே பயனைத் தரும், பாகுபாடு குறைந்த வேறு முறை இருந்தும் அதை ஏற்க மறுத்தோம் என்று காட்ட வேண்டும். நகரம் காட்டவில்லை. தேர்வை வடிவமைத்த நிறுவனத்திடம் பொருத்தச் சான்றறிக்கை கேட்டு வாங்கக்கூட இல்லை என்பதைத் தீர்ப்பு குறித்துக்கொண்டது.

நீதிபதி கின்ஸ்பர்க்கின் மாற்றுத் தீர்ப்பை என்னால் ஒதுக்க முடியவில்லை. எரியும் கட்டடத்தில் ஆட்களை வழிநடத்தும் தலைமைக்கு ஏன் 60 சதவீதம் புத்தகத் தேர்வு? வேறு பல நகரங்கள் சூழல் நடிப்புத் தேர்வுகளை நம்புகின்றனவே என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியைத் தேர்வு நடத்துவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பான்மையின் பதில். தேர்வை வடிவமைக்கும் கட்டத்தில் எல்லாப் பிரிவுக்கும் நியாயமான வாய்ப்பு கிடைக்கும்படி யோசிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்று தீர்ப்பே தெளிவாகச் சொல்கிறது.

வேடிக்கை அடுத்துதான். ரிச்சி தீர்ப்பு வந்த பிறகு, வாய்மொழித் தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தும் ஒட்டுமொத்தத்தில் 24ஆவது இடத்துக்குத் தள்ளப்பட்ட கறுப்பினத் தீயணைப்பு வீரர் அந்த 60-40ஐ எதிர்த்து வழக்குப் போட்டார். ரிச்சியைக் காட்டி இதைத் தள்ளிவிட முடியாது என்று 2011ல் இரண்டாம் சுற்று நீதிமன்றம் சொன்னது. இரு பக்கத்திலிருந்தும் அடி. மாறாக, பஃபலோ நகரக் காவல் துறை பல ஆண்டு யோசித்துத் தன் தேர்வு முறையையே மாற்றி, பழைய பட்டியலை விட்டுப் புதிய பட்டியலிலிருந்து எடுத்தபோது, 2013ல் அதே இரண்டாம் சுற்று நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவர்களின் இனத்தைப் பார்த்து அதைக் கிழிப்பதும், தேர்வு முறையைக் காலப்போக்கில் சீர்திருத்துவதும் ஒன்றல்ல.

இனி சமீபம். 2023 ஜூனில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அது வேலை பற்றிய தீர்ப்பு அல்ல. ஆனாலும் வெபரும் ஜான்சனும் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியை எல்லா வழக்கறிஞர் அலுவலகங்களும் அன்றே கேட்கத் தொடங்கிவிட்டன. அவை ரத்தாகவில்லை. ஆனால் அவற்றின் மேல் புதுக் கட்டடம் கட்டுவது இப்போது புத்திசாலித்தனம் இல்லை. 2024 ஏப்ரலில் மல்ட்ரோ வழக்கு: பாகுபாட்டால் வந்த இடமாற்றத்தில் ‘குறிப்பிடத்தக்க’ பாதிப்பைக் காட்ட வேண்டியதில்லை, ஏதோ ஒரு பாதிப்பு போதும். பதவி உயர்வுக்கு ஏணியாகும் பயிற்சி, திட்டப் பொறுப்பு போன்றவற்றை ஒரு பிரிவுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அதுவும் இப்போது வழக்காகலாம்.

2025 ஜூன் 5ல் வந்த ஏம்ஸ் தீர்ப்பு நேரடியாகப் பதவி உயர்வு. ஓஹாயோ இளைஞர் சேவைத் துறையில் 2004ல் சேர்ந்த பெண்மணி 2019ல் மேலாண்மைப் பதவிக்கு விண்ணப்பித்தார். அது லெஸ்பியன் பெண் ஒருவருக்குப் போனது. பிறகு இவர் ஏற்கெனவே இருந்த பதவியிலிருந்தும் இறக்கப்பட்டார். அந்த இடத்துக்கு ஓரினச் சேர்க்கையாளரான ஆண் ஒருவர் வந்தார். தான் எதிர்பாலின ஈர்ப்பு உள்ளவர் என்பதால் இப்படி நடந்தது என்பது வழக்கு. ஆறாம் சுற்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் வழக்குப் போட்டால், இந்த முதலாளி பெரும்பான்மையையே பாகுபடுத்தும் வழக்கத்துக்கு மாறான ஆள் என்று காட்டும் ‘பின்னணிச் சூழ்நிலை’யைக் கூடுதலாக நிரூபிக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. 1981ல் வாஷிங்டன் சுற்று நீதிமன்றத்தில் பிறந்து ஐந்து சுற்றுகளில் பரவிய விதி. உச்ச நீதிமன்றம் 9-0ல் அதைத் தூக்கியது. எழுதியவர் நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன். வாதி ஜெயித்துவிட்டார் என்று செய்திகள் எழுதின. இல்லை. கூடுதல் சுமை நீங்கியது, வழக்கு கீழே திருப்பி அனுப்பப்பட்டது, அவ்வளவுதான்.

இதோடு, அரசு ஒப்பந்ததாரர்கள், ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கு வாய்ப்பைக் கூட்டும் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷன் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 1965 முதல் இருந்த 11246ஆம் நிர்வாக ஆணை 2025 ஜனவரி 21ல் ரத்தானது. மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் குறித்த கடமைகள் தனிச் சட்டங்களிலிருந்து வருபவை. அவை அதோடு போகவில்லை.

மனிதவளத் துறையில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து என்ன? பதவி அறிவிப்பு வெளிவரும் முன்பே அளவுகோல், அதன் எடை, கேள்விகள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் வேலையின் எந்தப் பகுதிக்கு என்பதும். குழுவில் ஒவ்வொருவரும் பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட வேண்டும். பேசிய பிறகு போட்டால் எல்லோர் தாளிலும் ஒரே எண் இருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது விருந்து. அதைவிட அடிக்கடி கவிழ்ப்பது காரணம் மாறுவது. நிராகரிப்பு மின்னஞ்சலில் ‘அனுபவம் குறைவு’, சமவாய்ப்பு ஆணையத்துக்கு (வேலைப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் மத்திய அமைப்பு) அனுப்பிய பதிலில் ‘நேர்முகத்தில் சரியாகச் செய்யவில்லை’, வாக்குமூலத்தில் ‘குழுவோடு ஒத்துப்போகமாட்டார்’. மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாக்குப்போக்கு என்று ஜூரி முடிவுகட்ட அதுவே போதும்.

‘இந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தால் நன்றாக இருக்கும்’ என்று முடிவெடுப்பவர் அனுப்பிய ஒருவரி சாட் செய்தி நேரடிச் சான்றாகிவிடலாம். அப்படி ஆனால், வாதி முதலில் சந்தேகத்தைக் காட்ட, நிறுவனம் காரணம் சொல்ல, அது சாக்கு என்று வாதி மறுபடி காட்டும் மூன்று படி நிரூபணமெல்லாம் தேவையில்லை. விண்ணப்பதாரர் வட்டத்தை விரிவாக்க, எங்கெல்லாம் அறிவிக்கிறோம் என்று யோசிப்பது ஒன்று. ஆள் முடிவாகும் மேசையில் விகிதம் பேசுவது வேறு. மேலாளரின் போனஸைத் தலைக்கணக்கோடு கட்டுவது மிக மோசமான யோசனை. 2024 மார்ச்சில் நான்காம் சுற்று நீதிமன்றம் உறுதிசெய்த டுவால் வழக்கில், நல்ல மதிப்பீடுகள் பெற்ற, வெள்ளை ஆணான மூத்த துணைத் தலைவரை அனுப்பிவிட்டு, காரணத்தை எழுத்தில் வைக்காத மருத்துவமனை நிறுவனம் தோற்றது. ஜூரி கொடுத்த ஒரு கோடி டாலர் தண்டனைத் தொகை சட்ட உச்சவரம்பால் 3 லட்சமாகக் குறைந்தது. பன்முகத்தன்மைத் திட்டம் வைத்திருப்பது தவறல்ல, அதை நிறைவேற்ற ஒருவரை இனமோ பாலோ பார்த்து வெளியேற்றியதுதான் தவறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆவணங்களைத் தனியார் நிறுவனம் குறைந்தது ஓராண்டு, மாநில, உள்ளாட்சி அமைப்புகள் ஈராண்டு வைத்திருக்க வேண்டும். புகார் வந்துவிட்டால் அது தீரும்வரை. நேர்முகக் குறிப்புத் தாள்களும் இதில் சேர்த்தி. கிழித்துப் போட்டதும் ஒரு சான்றாகிவிடும்.

பதவி உயர்வு மறுக்கப்பட்டவர் பக்கம் பார்த்தால், முதல் எதிரி காலண்டர். ஆணையத்தில் புகார் செய்ய 180 நாள். அதே பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் அதற்கான அமைப்பும் இருந்தால் 300 நாள். மத்திய அரசு ஊழியர் என்றால் 45 நாளுக்குள் சமவாய்ப்பு ஆலோசகரைப் பார்த்துவிட வேண்டும். 2002ன் மார்கன் தீர்ப்புப்படி ஒவ்வொரு மறுப்பும் தனி நிகழ்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு. ‘மூன்று வருடமாகவே இப்படித்தான்’ என்று கடைசியில் சேர்த்துக் கணக்குக் கேட்க முடியாது; பழையவை பின்னணிச் சான்றாக மட்டும் வரலாம். வழக்குப் போட அனுமதிக் கடிதம் வந்தால் அங்கிருந்து 90 நாள்.

எனக்கு அவரைவிடத் தகுதி அதிகம் என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. ஒரு காலத்தில் பதினோராம் சுற்று நீதிமன்றம், தகுதி வேறுபாடு காகிதத்திலிருந்து குதித்து முகத்தில் அறைய வேண்டும் என்றது. 2006ல் ஆஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலால் பயனில்லை என்று ஒதுக்கியது. ஆனாலும் நடைமுறையில், அறிவித்த அளவுகோலை நடுவில் மாற்றினார்கள், வழக்கமான படியைத் தாண்டினார்கள், இன்னொருவருக்குக் காட்டிய சலுகையை எனக்குக் காட்டவில்லை என்பது போன்ற ஒன்று கூடவே இருந்தால்தான் வழக்கு நகரும். உள் அறிவிப்பை வெளியான அன்றே சேமித்து வையுங்கள். பிறகு இணையத்தில் அது இருக்காது. நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். நல்ல வழக்குகள் அதிலேயே செத்திருக்கின்றன.

இனமோ பாலோ ஒரு தூண்டுகாரணம் என்று நிரூபித்தாலும், அது இல்லாவிட்டாலும் இதே முடிவுதான் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் பணமோ பதவியோ கிடைக்காது. பாகுபாடு நடந்தது என்ற பிரகடனம், தடையாணை, வழக்கறிஞர் செலவு இவ்வளவுதான். ஜெயித்தால் நிலுவைச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லை. மன உளைச்சல் போன்றவற்றுக்கான இழப்பீடும் தண்டனைத் தொகையும் சேர்ந்து, 100 பேர் வரை உள்ள நிறுவனத்தில் 50,000 டாலர், 200 வரை 1 லட்சம், 500 வரை 2 லட்சம், அதற்கு மேல் 3 லட்சம். 1991ல் போட்ட எண்கள். விலைவாசி ஏறியும் இன்றுவரை மாறவில்லை.

புகார் இனப் பாகுபாடு பற்றியது என்றால் 1866ன் சட்டத்திலிருந்து வந்த 1981ஆம் பிரிவு இன்னொரு வழி. உச்சவரம்பு கிடையாது, ஆணையத்துக்குப் போக வேண்டியதில்லை. விலை: 2020ன் காம்காஸ்ட் தீர்ப்புப்படி, இனம் இல்லாவிட்டால் இந்த மறுப்பே நடந்திருக்காது என்று காட்ட வேண்டும். கெடு நான்கு ஆண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். பதவி உயர்வு வழக்கில் அதை அப்படியே நம்பக் கூடாது. புதிய பதவி முதலாளியோடு ‘புதிய, தனித்த உறவை’ உண்டாக்கும் அளவுக்கு வேறுபட்டது என்றால், அந்த உரிமை 1991 திருத்தத்துக்கு முன்பே இருந்தது என்று கொள்ளப்படும். அப்போது நான்கு ஆண்டு பொருந்தாது, அந்தந்த மாநிலத்தின் உடற்காய வழக்குக் கெடு பொருந்தும். சில மாநிலங்களில் அது ஒரே ஆண்டு.